நல்ல நேரத்தில் திறந்த திரை

மென்பொருள் பராமரிப்பு என்பது, வேறு யாரோ கட்டிய வீட்டில் ஒழுகும் இடங்களைத் தேடிப் பாத்திரம் வைக்கும் தொழில். கட்டியவர் எப்போதோ ஊரைவிட்டுப் போயிருப்பார், மழைக்கு மட்டும் நாம்தான் பொறுப்பு. இத்தொழிலில் இருப்பவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களும் ஏதேனும் ஒரு கவுன்டரில் நின்று, "சிஸ்டம்ல அப்படித்தாங்க காட்டுது" என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பியிருப்பீர்கள். ஆகவே நாம் எல்லோரும் அடிபட்டவர்கள்தாம். அடித்தது எது என்பதை மட்டும் நான் சற்று அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

நான் பராமரித்துவருவது, திருச்சியில் ஒரே முதலாளிக்குச் சொந்தமான மூன்று கல்யாண மண்டபங்களின் பதிவு மென்பொருளை. தென்னூரில் ஒன்று, ஸ்ரீரங்கத்தில் ஒன்று, கைலாசபுரம் போகும் வழியில் ஒன்று. எந்த அலுவலகத்தில் உட்கார்ந்தும் எந்த மண்டபத்தையும் பதிவு செய்யலாம். தரவுத்தளத்தில் எல்லாம் வரிசையும் கட்டமுமாகக் கிடக்கும். நிரலுக்கோ மண்டபம், தேதி, சமையல்காரர் என்று முழு உருவங்கள் வேண்டும். இடையில் நின்று ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தரும் அடுக்கை நாங்கள் ஓ.ஆர்.எம். என்போம். ஒருமுறை வாசித்ததை அது நினைவில் வைத்துக்கொள்ளும்; மறுமுறை கேட்டால் தரவுத்தளம்வரை போகாமல் நினைவிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிடும். அந்த நினைவுக்குக் கேஷ் என்று பெயர். எங்கள் மென்பொருளுக்கு வேகம் வந்தது அதனால்தான். நூர்ஜஹான் அம்மாவின் மகனுடைய கல்யாணம் நின்றுபோகப் பார்த்ததும் அதனால்தான்.

உப்புக்கு ஒரு நடை, புளிக்கு ஒரு நடை

தென்னூர் அலுவலகத்தைக் கவனித்துக்கொள்பவர் கீதா. முகூர்த்த மாதம் ஒன்றைத் திரையில் திறக்கச் சொல்லிவிட்டு, வந்தவர்களுக்கு டீ வரவழைத்து, அவர்கள் குடித்து முடிக்கும்வரை ஊர்க்கதை பேசுவது அவருடைய வழக்கமாகியிருந்தது. திரை வருவதற்கு அவ்வளவு நேரமாகும். நான் ஒருநாள் அங்கேயே அமர்ந்து, நிரல் தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்விகளை ஒன்றுவிடாமல் பதிவாகும்படி செய்து பார்த்தேன். மாதத்தின் பதிவுகளை எல்லாம் ஒரே கேள்வியில் வாங்கிவிடுகிறது. அதன்பின் முதல் பதிவுக்குச் சமையல்காரர் யார் என்று ஒருமுறை போய்வருகிறது. பூ அலங்காரம் யார் என்று மறுபடி போகிறது. நாதஸ்வரம் யார் என்று மீண்டும் ஒரு நடை. அடுத்த பதிவுக்கும் இதே யாத்திரை. என் சக ஊழியர் ஆரோக்கியராஜ் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "உப்பு வாங்க ஒரு தடவை கடைக்குப் போய், புளி வாங்க இன்னொரு தடவை போற வீடு மாதிரி இருக்குங்க" என்றார்.

எல்லாவற்றையும் ஒரே நடையில் வாங்கும்படி மாற்றினோம். சமையல்காரர், பூக்காரர் போன்று அடிக்கடி மாறாத விவரங்களை மூன்று அலுவலகங்களுக்கும் பொதுவான ஒரு கேஷில் வைத்தோம். மாற்றிய மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்தவர் நூர்ஜஹான் அம்மா. மகன் குவைத்தில் வேலை பார்க்கிறார். கம்பெனி கொடுத்திருந்த விடுமுறை மிகக் குறைவு. அதில் ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமைதான் இரு வீட்டாருக்கும் ஒத்துவந்தது. அதை விட்டால் அடுத்த விடுமுறை எப்போது என்று யாருக்கும் தெரியாது. கீதா பொத்தானை அழுத்தினார். கண் இமைப்பதற்குள் திரை வந்தது. தென்னூர் மண்டபம் அன்று காலி. பதிவும் முடிந்து ரசீதும் வந்துவிட்டது. நான் பாராட்டை எதிர்பார்த்து நின்றேன். அந்த அம்மா ரசீதைப் பார்க்கவில்லை, திரையையே சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இவ்வளவு வெரசா சொல்லுதே, பாத்துட்டுத்தான் சொல்லுதா?"

ஐந்நூறு பேர்

பொதுக் கேஷ் வந்து சில வாரம் ஆகியிருக்கும். எங்கள் பட்டியலில் இருந்த சமையல்காரர் ஒருவர், எப்போதோ மாற்றிவிட்ட தொலைபேசி எண்ணை அப்போதுதான் எங்களுக்குச் சொன்னார். ஆரோக்கியராஜ் அவசரத்தில், மென்பொருள் வழியாகப் போகாமல், நேரே தரவுத்தளத்தில் இறங்கி எண்ணைத் திருத்திவிட்டார். சின்ன வேலை, தவறில்லாத எண். ஆனால் பின்வாசல் வழியாக வந்த திருத்தத்தைக் கேஷ் அறியாது. தரவுத்தளத்தில் புதிய எண் இருக்க, மூன்று அலுவலகத் திரைகளிலும் பழைய எண்ணே பளிச்சென்று காட்டியது.

பழைய எண்ணைத் தொலைபேசி நிறுவனம் அதற்குள் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டிருந்தது. அவர் அமரர் ஊர்தி ஓட்டுபவர். எங்கள் மண்டபம் ஒன்றில் கல்யாணம் வைத்திருந்த பெண்ணின் தாய்மாமன் ஒருவர், சமையல்காரர் என்று நினைத்து அவரை அழைத்து, யார் என்றுகூடக் கேட்காமல், ஐந்நூறு பேர், சனிக்கிழமை இரவே வந்து தயாராக இருக்க வேண்டும், ஞாயிறு விடிவதற்குள் முதல் பந்தி முடிந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம். ஓட்டுநர் திரும்ப அழைத்தபோது எடுக்கவில்லை. மறுநாள் ஒருவழியாக அவரைப் பிடித்து, எண்ணைக் கொடுத்தது யார் என்று விசாரித்துக்கொண்டு கடைசியில் எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். நடந்ததை நான் விளக்க, அவர் நாற்காலியில் அமர்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். அன்றிலிருந்து நேரே தரவுத்தளத்தைத் தொடுவதில்லை என்று ஆரோக்கியராஜ் வாக்குக் கொடுத்தார். அவர் வாக்கைவிட ஓட்டுநரின் முகம்தான் எனக்கு நினைவில் நிற்கிறது.

"பந்தின்னு அவர் சொன்னது காதுலயே ஏறலைம்மா. ஐந்நூறு பேருங்கிறதைக் கேட்டதுமே வண்டியை ஓரங்கட்டிட்டு, எங்கே என்ன விபத்துன்னு செல்லுல நியூஸைத் தேடினேன்."

இரண்டு ரசீதுகள்

நூர்ஜஹான் அம்மா குறித்த ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது. அழைப்பிதழ் அச்சாகி, உறவினர்களுக்குப் போய்விட்டது. மேடை அளவு பார்ப்பதற்காக அவர் ஒருநாள் தென்னூர் மண்டபத்துக்கு வந்தார். மேடையில் ஏற்கெனவே ஒருவர் கயிற்றைப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். வையம்பட்டிப் பக்கத்து விவசாயி; பழனிச்சாமி என்று பெயர்; மாப்பிள்ளை வீடு தென்னூர் என்பதால் மகள் கல்யாணத்துக்கு இந்த மண்டபத்தைப் பிடித்திருந்தார். நீங்கள் எந்த நாளுக்கு என்று இவர் கேட்க, அவர் சொல்ல, இருவரும் ஒரே ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லிக்கொண்டு அப்படியே நின்றார்களாம். கீதா என்னைத் தொலைபேசியில் அழைத்தபோது அவர் குரல் அவருடையதாகவே இல்லை.

ஓடிப்போய்ப் பார்த்தேன். இரண்டு ரசீதுகளும் உண்மையானவை, இரண்டும் முழு நாளுக்கு. ஒரே நாளில் கொடுக்கப்பட்டவை: அந்த அம்மாவுக்குக் காலையில், தென்னூரில், பழனிச்சாமிக்குப் பிற்பகலில், ஸ்ரீரங்கத்தில். கோயிலுக்குப் போனவர், வந்த இடத்தில் பதிவையும் முடித்துக்கொண்டு போகலாமென்று அங்கே நுழைந்திருக்கிறார். ஒரே தேதியில் காலை ஒரு விசேஷமும் மாலை ஒரு விசேஷமும் நடப்பதுண்டு என்பதால், இரண்டாவது பதிவைத் தடுக்கும் காவல் எதையும் மென்பொருளைக் கட்டியவர்கள் வைத்திருக்கவில்லை. தேதிக்கு எதிரே 'காலி' என்று திரை காட்டினால் கொடுக்கலாம், அவ்வளவுதான் விதி. ஆனால் காலையிலேயே போய்விட்ட தேதி, பிற்பகலில் எப்படிக் காலியாகத் தெரிந்தது? நூர்ஜஹான் அம்மா மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். மகன் விமானமேறுவதற்குச் சில நாள்களே இருந்தன. பழனிச்சாமி கயிற்றைச் சுருட்டிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"ரெண்டு பேருக்கும் ரசீது குடுத்தது உங்க கம்ப்யூட்டருங்க. யாரு கல்யாணத்தை நிறுத்துறதுன்னு அதையே சொல்லச் சொல்லுங்க."

ராகு காலத்துக்கு முன்

ஸ்ரீரங்கம் அலுவலகத்தின் மேலாளர் ராகவன் கண்ணியமானவர். கணக்கில் தவறியவர் என்று யாரும் சொன்னதில்லை. அவர் அறைக்குள் நுழைந்ததும் கணினியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் தெரிந்தன. அவர் பக்கத்தில் அமர்ந்து ஒரு சோதனை செய்தேன். கீதாவிடம் சொல்லி, தென்னூர் மண்டபத்தில் யாருக்கும் வேண்டாத ஒரு தேதியைப் பதிவானதாகக் குறிக்கச் சொன்னேன். என் மடிக்கணினியில் அது உடனே மாறியது. ராகவன் திரையில் மாறவில்லை. ரிஃப்ரெஷ் பொத்தானை அழுத்தச் சொன்னேன், அழுத்தினார், மாறவில்லை. மீண்டும் மீண்டும் அழுத்தினார். காலி, காலி என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு பொய்யை இவ்வளவு நிதானமாக ஒரு திரை சொல்லி நான் பார்த்ததில்லை. எப்போது உள்நுழைந்தீர்கள் என்று கேட்டேன். "அடியேன் காத்தால பெருமாளுக்குத் திருவாராதனம் முடிச்சுட்டு, நல்ல நேரம் பாத்துத் திறந்து, முகூர்த்த மாசம் எல்லாத்தையும் ஒரு தரம் பாத்து வெச்சுடுவேன். சாயங்காலம் விளக்கேத்தினப்பறம்தான் மூடறது. நடுவில மூடிட்டா, திரும்பத் திறக்கறச்சே ராகு காலமோ எமகண்டமோ வந்துடும். கல்யாணக் காரியம் பாருங்கோ" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்நுழைந்ததிலிருந்து வெளியேறும்வரை அனைத்தையும் ஒரே அமர்வாக வைத்துக்கொள்ளும்படி அந்த மென்பொருள் கட்டப்பட்டிருந்தது. ஓர் அமர்வுக்குள் ஒரு தேதியை ஒருமுறை வாசித்துவிட்டால், அந்த உருவத்தையே கடைசிவரை பிடித்துக்கொள்வது ஓ.ஆர்.எம்.மின் குணம். ரிஃப்ரெஷ் அழுத்தினால் கேள்வி தரவுத்தளம்வரை போகிறது. சரியான பதிலும் திரும்பி வருகிறது. ஆனால் இந்தத் தேதிதான் என்னிடம் ஏற்கெனவே இருக்கிறதே என்று, வந்த பதிலை ஒதுக்கிவிட்டுக் காலையில் வாசித்ததையே கொடுக்கிறது. சில நிமிடங்களே நீடிக்கும் அமர்வுக்கு ஏற்ற ஏற்பாடு அது. இருக்கையைவிட்டு எழும்போதெல்லாம் கீதா வெளியேறிவிடுவதால், தென்னூரில் இது தெரியவே இல்லை. ஸ்ரீரங்கத்திலோ நாள் முழுவதும் காலை நிலவரம்தான். இதை நான் சொல்லச் சொல்ல, ராகவன் கைகளைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடியே இருந்தார். நூர்ஜஹான் அம்மாவின் மகனுடைய விடுமுறையைப் பற்றிச் சொன்னதும், கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார்.

"நாலு குடும்பம் நன்னா இருக்கணும்னுதானே நேரம் பாத்துத் திறந்தேன். அந்த நேரத்தையே இது சாயங்காலம்வரைக்கும் விடாமப் பிடிச்சுண்டிருக்கும்னு பெருமாள் சத்தியமா தெரியாது, மாமி."

எதிரெதிர் நாற்காலிகள்

மறுநாள் தென்னூர் அலுவலகத்தில் இரு குடும்பத்தாரும் எதிரெதிரே அமர்ந்தார்கள். முதலாளி, கைலாசபுரம் வழியிலுள்ள மண்டபத்தை யாராவது ஒருவர் எடுத்துக்கொள்ளலாமே என்று சொல்லிப் பார்த்தார். முதலில் பதிவு செய்தவர் நூர்ஜஹான் அம்மா. மாற வேண்டிய கட்டாயம் அவருக்கில்லை. அவர் மாறினாலும் சரி, பழனிச்சாமி மாறினாலும் சரி, கொடுத்துத் தீர்ந்த அழைப்பிதழ்களை என்ன செய்வது? வையம்பட்டியிலிருந்து இரண்டு பேருந்துகள் நேரே தென்னூருக்குச் சொல்லிவைக்கப்பட்டிருந்தன. "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க, இப்பவே சகுனம் சரியில்லைன்னு பேச ஆரம்பிச்சுட்டாங்கம்மா. இடத்தை மாத்தினா கல்யாணமே மாறிடும்" என்றார் பழனிச்சாமி. தலையைத் தூக்காமலே சொன்னார். வீம்பாக வந்தவர்போல் அன்று அவர் தெரியவில்லை.

நூர்ஜஹான் அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்க முகூர்த்தம் எத்தனை மணிக்குங்க?" என்று கேட்டார். காலை ஆறரையிலிருந்து ஏழரைக்குள் என்றார் அவர். "பகல் சாப்பாட்டை முடிச்சுட்டு மூணு மணிக்குள்ள கிளம்பிடுவீங்களா?" கிளம்பிவிடுவோம் என்றார். அந்த அம்மா எழுந்து வெளியே போய்ச் சம்பந்தி வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். நீண்ட நேரம் பேசினார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவர் கையசைவுகளைப் பார்த்தே பதிலை ஊகிக்க நாங்கள் அனைவரும் முயன்றுகொண்டிருந்தோம். திரும்பி வந்து, சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ் பள்ளிவாசலில், ராத்திரி விருந்து மண்டபத்தில் என்று அறிவித்தார்; நேரம் மாறியதை உறவினர்களுக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொள்வார்களாம். பிரியாணி மாஸ்டர் சொந்த அடுப்போடும் அண்டாவோடும் பின்கட்டில் இறங்குவார், சமையற்கட்டுக்குள் வரமாட்டார். பழனிச்சாமி கைகூப்பிவிட்டார். மேடைப் பூவைக் கலைக்காமல் விட்டுப் போகிறோம், வாசலில் கட்டும் வாழை மரத்தை மட்டும் எடுத்துவிடவா என்று கேட்டார். "அது பாட்டுக்கு இருக்கட்டுங்க, வாழை மரத்துக்கு என்ன?" என்ற அந்த அம்மா, பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இந்த அண்ணனோட பேசி நான் முடிச்சுக்கிட்டேன். அந்த மிச்ச ராத்திரியை மூணாவதா ஒருத்தருக்குக் கொடுத்துடாம, உங்க கம்ப்யூட்டரை நீங்க பிடிச்சுக்குங்க."

வாசல் பலகை

பிடித்துக்கொண்டோம். ஒவ்வொரு முறை தேதியைத் திறக்கும்போதும் புதிய அமர்வு. திறந்தபின் வேறு யாரேனும் அந்தத் தேதியைத் தொட்டிருந்தால், பதிவு செய்யும் நொடியில் மென்பொருளே கையைத் தட்டிவிட்டு மறுபடி பார்க்கச் சொல்லும். ராகவன் வழக்கம்போல் நல்ல நேரத்தில் திறக்கிறார். திரையின் உள்ளே மட்டும் நேரம் நகர்கிறது. சோதித்துப் பார்த்தோம், மீண்டும் சோதித்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் பழனிச்சாமி வீட்டுப் பந்தியில் பொங்கல் சாப்பிட்டேன். பெண்ணின் கழுத்தில் தாலி ஏறியபோது, என்னைவிட நிம்மதியடைந்தவர் அந்த மண்டபத்தில் பெண்ணின் தந்தை ஒருவர்தான். மூன்று மணிக்கு முன்பே பேருந்துகள் வையம்பட்டிக்குக் கிளம்பிவிட்டன.

இரவு, ஆரோக்கியராஜும் நானும் விருந்துக்குப் போனோம். பள்ளிவாசலில் நிக்காஹ் நல்லபடியாக முடிந்து மாப்பிள்ளையின் கார் வந்து நின்றது. குவைத்திலிருந்து வந்த பையன் மாலையோடு இறங்கி, வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தான். பார்த்தவன் அப்படியே நின்றான். வாழை மரங்களுக்கு நடுவே முதலாளி ஆசையாக மாட்டியிருந்த பெரிய மின்னணுப் பலகை, மணமக்களை வரவேற்றுக்கொண்டிருந்தது: பழனிச்சாமியின் மகளையும் மருமகனையும். வாசல் பலகையும் எங்கள் மென்பொருளிலிருந்துதான் பெயர்களை வாசிக்கிறது. நாளுக்கு ஒருமுறை வாசித்துப் பொதுக் கேஷில் வைத்துக்கொள்கிறது. அப்படியொரு பலகை இருப்பதே எங்கள் இருவர் நினைவிலும் இல்லை. பெண் வீட்டார் ஒவ்வொருவராக நிமிர்ந்து, மாப்பிள்ளையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொருவர் பெயரை உதடசைத்துப் படிக்கத் தொடங்கினார்கள். ஆரோக்கியராஜ் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினார். எங்கள் தொழிலில் அதைவிட நம்பகமான கட்டளை கிடையாது. பலகை கறுத்தது. நூர்ஜஹான் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அணைந்த பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் கோபத்துக்குப் போகிறதா, வேறெங்கோ போகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு மகனின் முதுகில் கைவைத்து உள்ளே தள்ளினார்.

"நீ போடா உள்ளே, உனக்குக் கல்யாணம் முடிஞ்சு ரெண்டு மணி நேரமாச்சு. இது இன்னும் காலையிலயேதான் உக்காந்திருக்கு."

கணினிக்கு நினைவில் வைக்கக் கற்றுத்தர யாராலும் முடியும். வேண்டிய நேரத்தில் அதை மறக்க வைப்பதற்குத்தான், பிளக் அருகில் நிற்கும் எங்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.